வெளிச்சம் பட்டால் மட்டும் வேலை செய்யும் மருந்து: ஹெர்மன் டாப்பைனர் கண்டது என்ன?

"ஒளி சிகிச்சை" என்ற சொல்லை எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம். மஞ்சள் காமாலையோடு இருக்கும் பச்சிளங்குழந்தையை நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பதும் ஒளி சிகிச்சை, லேசரால் மருவை எடுப்பதும் ஒளி சிகிச்சை. "கரண்ட் வைப்பது" என்று பேச்சில் சொல்லும் கதிர்வீச்சையும் சிலர் இதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஃபோட்டோடைனமிக் சிகிச்சை என்ற பெயரும் அடிபடுகிறது. அதைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். லேசரால் கட்டியைச் சுட்டு எரிப்பது என்பார்கள். இல்லையென்றால், புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் போய்க் கொல்லும் ஒரு சாயம் என்பார்கள்.

இரண்டுமே சரியில்லை. அங்கே உண்மையில் நடப்பது இவை இரண்டையும்விட எளிமையானது, அழகானதும்கூட. அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி, அதை முதலில் கவனித்து, அளந்து, பெயரும் வைத்த ஹெர்மன் ஃபோன் டாப்பைனர் என்ற மருந்தியலாளரின் பின்னாலேயே நடந்து போவதுதான். மருந்தியலாளர் என்றால், ஒரு பொருள் உயிருள்ள உடம்பில் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் செய்கிறது என்று ஆராய்பவர்.

இரண்டு சாவி கேட்கும் லாக்கர்

வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று நம்மிடம் இருக்கும், இன்னொன்று வங்கியிடம். நம் சாவியை மட்டும் எத்தனை தடவை திருப்பினாலும் கதவு அசையாது.

ஃபோட்டோடைனமிக் சிகிச்சையில் ஒரு சாவி சாயம், மறு சாவி வெளிச்சம். சாயத்தை உடம்பில் ஏற்றிவிட்டு இருட்டிலேயே வைத்திருந்தால் அது சும்மா கிடக்கும். சாயம் இல்லாத தோலில் அதே வெளிச்சத்தைக் காட்டினாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது தோலைச் சுடும் அளவுக்குச் சூடான வெளிச்சமே இல்லை. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர வேண்டும். அப்போதுதான் அங்கிருக்கும் செல்கள் சாகும்.

வெளிச்சத்தின் சக்தியை வாங்கி, அதைப் பக்கத்தில் இருக்கும் வேறொரு மூலக்கூறுக்குக் கைமாற்றிவிடும் இப்படிப்பட்ட சாயத்துக்கு ஒளியுணர்த்தி என்று பெயர். இந்தக் கட்டுரையில் பின்னாலும் வரும் சொல் இது.

லாக்கர் உவமை முக்கால்வாசி சரி. மூன்றாவதாக இன்னொன்றும் வேண்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் டாப்பைனர்தான், அதனால் கதை வழியாகவே அதற்கு வருவோம்.

மெரானில் பிறந்த மருத்துவர் மகன்

டாப்பைனர் 1847இல் மெரானில் பிறந்தார். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே உள்ள இந்த ஊர் அப்போது ஆஸ்திரியாவின் திரோல் பகுதியில் இருந்தது; இன்று இத்தாலியில் இருக்கிறது. நல்ல வெயிலும் காற்றும் தேடி, உடம்பு தேற நோயாளிகள் வந்து தங்கும் ஊர். அப்பா ஃபிரான்ஸ் டாப்பைனர் அங்கே மருத்துவர். தாவரங்களிலும் அவருக்கு ஆர்வம் அதிகம். ஊருக்கு மேலே மலைச்சரிவில் அவர் பெயர் தாங்கிய நடைபாதை இன்றும் இருக்கிறது.

மகனுக்கு வேதியியலில் நாட்டம். ஒளியின் பக்கம் வருவதற்கு முன்பே அவர் செய்த இரண்டு வேலைகளைச் சொல்ல வேண்டும், அவருடைய குணம் அவற்றில் தெரிகிறது. 1870களின் பிற்பகுதியில், காசநோயாளிகளின் சளியை நுண்துளிகளாகக் காற்றில் தூவி, அந்தக் காற்றை நாய்கள் சுவாசிக்கும்படி செய்தார். மூச்சு வழியாக நோய் வரும் என்று காட்டிய சோதனை அது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882இல்தான். அப்புறம் மியூனிக்கின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, மாட்டின் வயிற்றில் செல்லுலோஸ் நொதித்து மீத்தேன் வாயு உண்டாவதை ஆராய்ந்தார். ஏதோ நடக்கிறது என்று தெரிந்தால் போதாது, எது அதை நடத்துகிறது என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் இரண்டிலும் இருக்கிறது.

1893இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார். அங்கேதான் ஒரு மாணவரின் சோதனை "தப்பாக"ப் போய் அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

ஒரு துளி நீரில் நடந்தது

அந்த மாணவர் பெயர் ஆஸ்கர் ராப். 1897-98 குளிர்காலத்தில் டாப்பைனர் அவருக்குக் கொடுத்த வேலை சாதாரணமானது. அக்ரிடின் என்று ஒரு பொருள் உண்டு. நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பது. அது பரமேசியத்துக்கு எவ்வளவு விஷம் என்று அளக்க வேண்டும். பரமேசியம் குட்டை நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிர். செருப்பின் அடிப்பகுதி போன்ற உருவம், உடம்பெல்லாம் மெல்லிய இழைகள். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த இழைகளைத் துடுப்பு மாதிரி அடித்துக்கொண்டு, சுழன்றபடி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் நின்றுவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தம். ஆக, கையில் கடிகாரம் இருந்தால் போதும், விஷத்தின் வீரியத்தை அளந்துவிடலாம்.

அளந்தால் கணக்கு உதைத்தது. அதே அக்ரிடின், அதே அளவு, அதே உயிர். ஒரு நாள் ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் செத்துவிட்டன. இன்னொரு நாள் பல மணி நேரமாகியும் நீந்திக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் எத்தனையோ பேர் கரைசல் சரியாகக் கலக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டு, புதிதாகக் கலந்து, பிடித்த எண்ணை எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். ராபும் டாப்பைனரும் இரண்டு நாளுக்கும் நடுவே வேறு என்ன மாறியது என்று தேடினார்கள். மாறியது வானம். பரமேசியங்கள் பிழைத்துக் கிடந்த நாளில் இடியும் மழையுமாக, ஆய்வகம் இருண்டு கிடந்திருக்கிறது.

அதன்பிறகு ராப் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சந்தேகத்தை நான்கு கிண்ணங்களாகப் பிரித்தார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் கிண்ணத்தில் அக்ரிடின் உண்டு, வெளிச்சம் இல்லை. பரமேசியங்கள் பிழைத்தன. இரண்டாவதில் வெளிச்சம் உண்டு, அக்ரிடின் இல்லை. அதிலும் பிழைத்தன. மூன்றாவதில்தான் கெட்டிக்காரத்தனம். அக்ரிடினைத் தனியாக வெளிச்சத்தில் வைத்திருந்து, பிறகு பரமேசியங்களோடு சேர்த்தார். வெளிச்சம் பட்டு அக்ரிடின் வேறொரு விஷமாக மாறிவிடுகிறது என்றால், இந்தக் கிண்ணத்தில் அவை செத்திருக்க வேண்டும். சாகவில்லை. நான்காவதில் அக்ரிடினும் பரமேசியமும் ஒன்றாக இருக்கும்போதே வெளிச்சம் பட்டது. அதில் மட்டும்தான் மரணம்.

மூன்றாவது கிண்ணம் சொல்லும் செய்தி ஆழமானது. விஷம் எதுவோ, அதைப் புட்டியில் அடைத்து வைக்க முடியாது. வெளிச்சம் விழும் அந்தக் கணத்தில், அந்த இடத்திலேயே அது பிறக்கிறது, அங்கேயே தீர்ந்தும் போகிறது.

ராப் 1900இல் இதை வெளியிட்டார். அக்ரிடின் ஒளிரும் தன்மை கொண்டது. ஒளிர்வு என்றால், ஒரு நிற வெளிச்சத்தை உள்வாங்கி வேறொரு நிறத்தில் உடனே வெளிவிடுவது. ஹைலைட்டர் பேனாவின் கோடு பளிச்சென்று தெரிவது அதனால்தான். அந்த ஒளிர்வோடு இந்த விளைவுக்குத் தொடர்பு இருக்கும் என்று அவர்கள் முதலில் நினைத்தார்கள். ஒளிரும் சாயங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்க ஆரம்பித்தது அந்த நினைப்பினால்தான்.

மூன்றாவது ஆள்

டாப்பைனர் அடுத்து ஆல்பர்ட் யோட்ல்பவர் என்ற உடனாய்வாளரோடு சேர்ந்து வேலை செய்தார். சாயம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. வேறு ஏதாவது வேண்டுமா? ஆக்சிஜனை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சாயமும் வெளிச்சமும் அப்படியே இருந்தும் விளைவு நடக்கவில்லை. 1904இல் வெளியான முடிவு இது. அடுப்பில் விறகும் நெருப்பும் இருந்தும் காற்று இல்லாவிட்டால் எரியாதே, அந்த மாதிரி.

பெயர் வைக்கும் தேவை இங்கேதான் வந்தது. சாயம் கலந்து ஒளியுணர்வைக் கூட்டுவது அந்தக் காலப் புகைப்படக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை. புகைப்படத் தகட்டில் சாயம் சேர்த்தால், அது வழக்கமாக உணராத நிறங்களையும் உணரும். தான் பார்ப்பது அதிலிருந்து வேறு என்று பிரித்துக் காட்ட, "ஃபோட்டோடைனமிக் விளைவு" என்ற பெயரை டாப்பைனர் சூட்டினார். சாயம், வெளிச்சம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து உயிர்ப்பொருளில் உண்டாக்கும் சேதம் என்பதுதான் அதன் பொருள். 1907இல் இந்த ஆராய்ச்சிகளை எல்லாம் தொகுத்து யோட்ல்பவரோடு ஒரு நூலும் வெளியிட்டார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: சாயம் தனியாகக் கொல்வதில்லை, வெளிச்சமும் தனியாகக் கொல்வதில்லை. சாயம் இருக்கும் இடத்தில், ஆக்சிஜன் இருக்கும்போது வெளிச்சம் விழுந்தால், அங்கேயே ஒரு விஷம் உருவாகிறது.

அந்த விஷம் எது?

டாப்பைனருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத விடை இது. எலக்ட்ரான்களின் நடத்தையைப் புரியவைக்கும் இயற்பியல் அப்போது இன்னும் உருவாகவில்லை. நாம் ஒரு படிக்கட்டை வைத்துப் புரிந்துகொள்வோம்.

சாய மூலக்கூறு வெளிச்சத்தை விழுங்கியதும் அதன் ஓர் எலக்ட்ரான் மேல்படிக்கு ஏறுகிறது. அங்கே நிலையாக நிற்க முடியாது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரம்தான், கீழே இறங்கிவிடும். இறங்கும்போது விடும் சக்தி வெளிச்சமாக வந்தால் அதுதான் ஒளிர்வு. அதோடு கதை முடிந்தது.

ஆனால் சில சாயங்களில், இறங்கும் வழியில் ஒரு திண்ணை மாதிரி இடம் இருக்கிறது. எலக்ட்ரான் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் சீக்கிரம் எழுந்திருக்காது. மேல்படியில் இருந்ததைப் போல ஆயிரம் மடங்கு, சில சமயம் அதற்கும் அதிக நேரம் அங்கேயே இருக்கும். இந்தத் திண்ணைக்கு டிரிப்லெட் நிலை என்று பெயர். இவ்வளவு நேரம் கையில் சக்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்தப் பக்கம் வரும் யாரிடமாவது அதைக் கொடுத்துவிட வாய்ப்புக் கிடைக்கிறது. செல்லுக்குள் அப்படி வருவது பெரும்பாலும் ஆக்சிஜன்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மந்தமான ஆசாமி. அதனால்தான் காற்றில் இவ்வளவு ஆக்சிஜன் இருந்தும் நாம் பற்றி எரிந்துவிடுவதில்லை. சாயத்திடமிருந்து சக்தியை வாங்கியதும் அதே ஆக்சிஜன் முரட்டுத்தனமாக மாறுகிறது. பக்கத்தில் இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகிறது. சக்தி ஏறிய இந்த வடிவம்தான் சிங்லெட் ஆக்சிஜன். நாம் தேடிய விஷம் பெரும்பாலும் இதுதான். சாயம் நேராக வேறு மூலக்கூறுகளோடு வினைபுரிந்து சேதம் செய்யும் வழியும் உண்டு, ஆனால் முக்கியமான வேலை இதனுடையது.

சக்தி ஏறிய ஆக்சிஜன்தான் காரணம் என்று ஜெர்மன் வேதியியலாளர் ஹான்ஸ் கவுட்ஸ்கி 1930களின் தொடக்கத்திலேயே சொன்னார். முப்பது வருடத்துக்கும் மேலாக யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1964இல்தான் வேதியியலாளர்கள் அவர் சொன்னது சரி என்று காட்டினார்கள்.

ஒன்றை மறக்காமல் கவனியுங்கள். செல்லுக்குள் சிங்லெட் ஆக்சிஜனின் ஆயுள் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் சில பங்கு, அல்லது அதைவிடக் குறைவு. அந்த நேரத்துக்குள் அது போகக்கூடிய தூரம் செல்லின் அகலத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பிறந்த இடத்தைத் தாண்டிப் போவதற்குள் அது இல்லாமல் போய்விடுகிறது. ராபின் மூன்றாவது கிண்ணத்தில் பரமேசியங்கள் பிழைத்தது ஏன் என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. இன்றைய சிகிச்சை பக்கத்துத் திசுவை விட்டுவைப்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

சக்தியைக் கொடுத்துவிட்ட சாயம் பழைய நிலைக்குத் திரும்பி, மறுபடி வெளிச்சம் வாங்கி, மறுபடி கொடுக்கும். இப்படி ஒரே மூலக்கூறு பல சுற்று உழைக்கும். கடைசியில் அதுவும் சிதைந்து நிறம் இழக்கும். வெயிலில் காயப்போட்ட சாயத்துணி வெளுத்துப்போவதைப் போன்றதுதான்.

முதல் நோயாளிகள்

டாப்பைனர் கிண்ணத்தோடு நிற்கவில்லை. 1903இலேயே தோல் மருத்துவர் ஆல்பர்ட் யேசியோனெக்கோடு சேர்ந்து, தோல் நோய்கள் உள்ளவர்களிடம் இதைச் செய்து பார்த்தார். சாயம் ஈயோசின், சிவப்பு மைக்குப் பயன்பட்ட அதே பொருள். அதைப் பூசிவிட்டு வெளிச்சம் காட்டினார்கள். 1905இல் அவர்கள் சொன்ன விவரத்தில், முகத்தில் தோல் புற்றுநோய் இருந்த ஆறு பேரில் நான்கு பேருக்குக் கட்டி முழுவதும் மறைந்து, ஒரு வருடம்வரை திரும்ப வரவில்லை. வெளிச்சத்துக்கு அவர்களிடம் இருந்தது வெயிலும், மின்பொறியில் எரியும் வில்விளக்கும்தான். அந்த வசதியை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பலன் கிடைத்ததை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

சாயமும் வெளிச்சமும் மனிதத் தோலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான முன்னறிவிப்பும் இருந்தது. 1900இல் பிரான்சில், வலிப்பு நோய்க்கு ஈயோசினை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளுக்கு வெயில் பட்ட இடங்களில் மட்டும் தோல் வெந்துபோனது.

இதைவிட அப்பட்டமான சாட்சியம் ஃபிரீட்ரிஷ் மையர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவருடையது. நம் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற பொருளுக்கு நெருங்கிய உறவான போர்ஃபிரின் என்ற சாயக் குடும்பம் இருக்கிறது. அதில் ஒன்று ஹெமட்டோபோர்ஃபிரின். 1912 அக்டோபரில் அதை 200 மில்லிகிராம் தன் உடம்பில் தானே ஏற்றிக்கொண்டார். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் போன பிறகுதான் முகமும் கைகளும் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கின. வெளிச்சம் ஆகாத நிலை அவருக்கு வாரக்கணக்கில் நீடித்தது. போர்ஃபிரியா என்ற பரம்பரை நோயின் சில வகைகளில் உடம்பே இந்தச் சாயங்களைத் தேவைக்கு மேல் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்த நோயாளிகள் வெயிலுக்கு ஏன் அப்படி அஞ்சுகிறார்கள் என்பது அவருடைய வீங்கிய முகத்தில் எழுதியிருந்தது.

ஐம்பது வருடத் தூக்கம்

டாப்பைனர் 1927இல் மியூனிக்கில் காலமானார். அவர் கண்டுபிடித்ததற்கு அதற்குள்ளாகவே மருத்துவத்தில் மவுசு குறைந்திருந்தது. காரணம் சொல்வது கடினமில்லை. 1895இல் எக்ஸ் கதிர், 1898இல் ரேடியம். உடம்பின் ஆழம்வரை ஊடுருவும் புதிய ஆயுதங்கள் வந்தபிறகு, தோலில் சாயம் பூசி வெயில் காட்டுவதை யார் கவனிப்பார்கள்? ஈயோசினும் உகந்த சாயம் கிடையாது. அது பச்சை நிற வெளிச்சத்தை வாங்குவது, பச்சை தோலுக்குள் ஆழமாக இறங்காது.

இதை நீங்களே பார்க்கலாம். இருட்டறையில் டார்ச் விளக்கை உள்ளங்கைக்குப் பின்னால் வைத்து அழுத்திப் பிடியுங்கள். விளக்கு வெள்ளைதான், ஆனால் விரல்கள் சிவப்பாக ஒளிரும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் உறிஞ்சிவிடுகிறது, சிவப்பு மட்டும் கடந்து வருகிறது. ஆகவே சிவப்பு வெளிச்சத்தை வாங்கக்கூடிய சாயம் வேண்டும், பலமான சிவப்பு விளக்கும் வேண்டும். இரண்டும் கிடைக்க 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1960 வாக்கில், ஹெமட்டோபோர்ஃபிரினிலிருந்து செய்த கலவை கட்டிகளில் அதிகம் தேங்குவதைக் கவனித்தார்கள். பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் தாமஸ் டோஹர்ட்டி இதை முழுமையான சிகிச்சையாக வளர்த்தார். 1978இல் அவர் குழு வெளியிட்ட அறிக்கையில் 25 நோயாளிகளின் 113 கட்டிகளில் 111 முழுதாகவோ பகுதியாகவோ கரைந்திருந்தன. அந்த ஹெமட்டோபோர்ஃபிரின் கலவையிலிருந்து வந்த ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்துக்கு 1993இல் கனடா சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக அனுமதி கொடுத்தது. 1995இல் அமெரிக்கா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காகக் கொடுத்தது. பெயர் டாப்பைனர் வைத்ததே நின்றது.

சாயத்துக்குப் புற்றுநோய் செல்லை அடையாளம் தெரியுமா?

முதலில் சொன்ன இரண்டாவது தவறான எண்ணத்துக்கு இப்போது வருவோம். சாயத்துக்குக் கண் கிடையாது. ரத்தத்தில் ஏற்றினால் அது உடம்பெங்கும் போகிறது. பல சாயங்கள் கட்டியில் கொஞ்சம் அதிகமாகத் தேங்கும், கொஞ்சம் மெதுவாக வெளியேறும், அவ்வளவுதான். மீதித் துல்லியம் வெளிச்சத்தை எங்கே காட்டுகிறோம் என்பதிலிருந்து வருகிறது. மெல்லிய ஒளியிழையை உணவுக்குழாய்க்குள் விட்டு, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு லேசரைக் காட்டுகிறார்கள். வெளிச்சம் படாத ஈரலில் சாயம் இருந்தாலும் அது சும்மாதான் இருக்கும்.

கொஞ்சம் புத்திசாலித்தனமான வழி ஒன்று 1990இல் கனடாவில் ஜேம்ஸ் கென்னடி குழுவினரிடமிருந்து வந்தது. அவர்கள் சாயத்தைக் கொடுக்கவில்லை, சாயம் செய்யும் மூலப்பொருளைக் கொடுத்தார்கள். அமினோலெவுலினிக் அமிலம் என்பது நம் செல்கள் ஹீம் தயாரிக்கத் தாங்களே பயன்படுத்தும் பொருள். தயாரிப்பு வரிசையில் கடைசிக்கு முன்னால் வருவது ஒரு போர்ஃபிரின். அதில் இரும்பைச் சேர்ப்பது கடைசி வேலை. மூலப்பொருள் திடீரென்று குவிந்தால் கடைசி ஆளால் ஈடுகொடுக்க முடியாது, போர்ஃபிரின் தேங்கிப்போகும். பல புற்றுநோய் செல்களில் இந்தத் தேக்கம் இன்னும் அதிகம். ஆக, ஒளியுணர்த்தியை நோயுற்ற செல்லே தன் கையால் செய்து வைத்துக்கொள்கிறது.

தேங்கும் போர்ஃபிரின் நீல வெளிச்சத்தில் சிவப்பாக ஒளிரும். மூளைக் கட்டியை அறுவை செய்பவர்கள் இதையே பயன்படுத்துகிறார்கள். அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி அமினோலெவுலினிக் அமிலத்தைக் குடிக்கிறார். மண்டையோட்டைத் திறந்து நீல விளக்கைக் காட்டினால், நல்ல மூளை நீலமாகவும் கட்டி சிவப்பாகவும் தெரியும். கொல்வதற்கு இல்லை, எல்லையைப் பார்ப்பதற்கு. ராபும் டாப்பைனரும் முதலில் பின்தொடர்ந்த அந்த ஒளிர்வு, இப்படி வேறொரு வேலைக்குப் பயன்பட்டுவிட்டது.

பெயர் ஒன்று, வேலை வேறு

மற்ற ஒளி சிகிச்சைகளிலிருந்து இதைப் பிரித்துப் பார்ப்பது இப்போது சுலபம். காமாலைக் குழந்தைக்கு நீல விளக்கு போடும்போது, தோலில் இருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளின் வடிவத்தை வெளிச்சம் மாற்றுகிறது. அது எளிதாக வெளியேறுகிறது, யாரும் எதையும் கொல்வதில்லை. அறுவை லேசர் வெப்பத்தால் வெட்டுகிறது. கதிர்வீச்சு செல்லின் மரபுப்பொருளை உடைக்கிறது, அதற்குச் சாயம் வேண்டியதில்லை. வெண்புள்ளிக்கு கார்போகரிசி போன்ற மூலிகையைப் பூசி வெயிலில் நிற்கும் பழைய வைத்தியம் இதற்கு ரொம்ப நெருக்கமாகத் தெரியும். அதிலும் வெளிச்சத்தால் விழிக்கும் பொருள் உண்டு, சோராலென் என்று பெயர். ஆனால் அது புற ஊதாக் கதிரை வாங்கி நேராக மரபுப்பொருளோடு ஒட்டிக்கொள்கிறது, ஆக்சிஜனின் தயவு அதற்குத் தேவையில்லை. டாப்பைனரின் வரையறைப்படி அது ஃபோட்டோடைனமிக் ஆகாது.

வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளும் சிவப்பு விளக்குகளையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். சாயம் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் இருந்தால் அது ராபின் இரண்டாவது கிண்ணம். அதை நம்பிப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஃபோட்டோடைனமிக் சிகிச்சைக்கும் எல்லை உண்டு. சிவப்பு வெளிச்சம்கூடத் திசுவில் சில மில்லிமீட்டர்தான் பயனுள்ள அளவில் இறங்கும், அதிகம் போனால் ஒரு சென்டிமீட்டர். எனவே மேற்பரப்பில் இருப்பதற்கும், ஒளியிழை எட்டும் இடத்தில் இருப்பதற்கும் இது நல்லது. உடம்பெங்கும் பரவிவிட்ட புற்றுநோயை இதனால் ஒழிக்க முடியாது. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்யலாம், தழும்பும் குறைவு. கதிர்வீச்சை ஒரே இடத்துக்கு ஒரு மொத்த அளவுக்கு மேல் கொடுக்க முடியாது.

சிகிச்சைக்குப் பிறகு, திரைச்சீலைக்குப் பின்னால்

ஃபோட்டோஃப்ரின் ஏற்றிக்கொண்டவர் குறைந்தது 30 நாள் வெயிலிலும் பிரகாசமான விளக்கிலும் தோல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மையர்-பெட்ஸுக்கு நடந்தது தனக்கு நடக்காமலிருக்க, நீளக் கை சட்டை, தொப்பி, கையுறை, கறுப்புக் கண்ணாடி. சன்ஸ்கிரீன் பூசினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வழக்கமான சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். இங்கே சாயத்தை எழுப்புவது கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம்.

அதற்காக முழு இருட்டில் அடைந்து கிடக்கவும் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வார்கள், இது பலருக்கு வியப்பாக இருக்கும். வீட்டின் மங்கலான வெளிச்சம் தோலில் மிச்சமிருக்கும் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைக்கிறது. சாயத்துணி வெளுக்கும் அதே கணக்கு. இருட்டிலேயே இருந்தால் சாயம் அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

சாயம் செய்யும் மூலப்பொருளைத் தோலில் பூசும் களிம்பு வகைகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, இரண்டு நாள் கவனமாக இருந்தால் போதும். விளக்குக் காட்டும்போது சுருக்கென்று எரியும் வலிதான் அதில் பெரிய குறை. அந்த வலியைக் குறைக்க, வெயிலால் கெட்டுப்போய்ப் புற்றுநோயாக மாறக்கூடிய தோல் திட்டுகளுக்கு இப்போது பகல் வெளிச்சத்தையே பயன்படுத்துகிறார்கள். சாயம் சேரச் சேர வெளிச்சம் அதைச் செலவழித்துவிடுவதால் எரிச்சல் குறைகிறது. நோயாளி முதலில் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்கிறார். புற ஊதாக் கதிர் நின்றுவிடும், சிகிச்சைக்கு வேண்டிய வெளிச்சம் உள்ளே போய்விடும். அதன்மேல் களிம்பு. அரை மணி நேரத்துக்குள் வெளியே போய், சுமார் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மேகமாக இருந்தாலும் பரவாயில்லை. மழை பெய்தால் மட்டும் வேறொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.